மூன்று வீட்டுப் பிள்ளை

"…மூணு பேரும் இவ ஒருத்திதேன் அய்யா. வாத்தியாரு ஒரு பொய்யும் எழுதல. அவரு எங்க மூணு வீட்லயும் வந்து கேட்டாரு. மூணு வீட்லயும் பொம்பளப் பிள்ளை ஒண்ணு இருக்குன்னு சொன்னோம். இருக்குல்ல? இந்தா, குத்துக்கல்லு மாதிரி நிக்கிறால்ல?"

மேட்டுவீட்டு அத்தை இதைச் சொன்னபோது நான் நிஜமாகவே குத்துக்கல் மாதிரித்தான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கென்று புதிதாகப் போட்ட பள்ளிக்கூடக் கொட்டகை. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சாணம் மெழுகிய தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, நான் மட்டும் நடுவில் நிற்கிறேன். எதிரே ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் வெளுத்த சேலையை மடித்துப் போட்டு, பள்ளிக்கூடம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டரை உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் பக்கத்தில் எங்கள் வாத்தியார், முகத்தில் சொட்டு ரத்தம் இல்லாமல். வாசலில் தெருவே கூடி நிற்கிறது. எங்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அது என்னால் கெட்டுப்போகப் போகிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை. பல் விழுந்து முளைக்கிற வயது. கூப்பிட்டார்கள், எழுந்தேன். கூப்பிடும்போதெல்லாம் எழுந்தேன். அதில் என்ன குற்றம்?

அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் தெருவைச் சொல்ல வேண்டும். அனுமந்தன்பட்டியிலிருந்து வயல் வழியாக இறங்கி, வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறினால் எங்கள் தெரு. வெள்ளைக்காரன் இன்னும் போகாத காலம் அது. பெரியாற்றுத் தண்ணீர் வந்து பள்ளத்தாக்கு முழுக்க இரண்டு போகம் நெல் விளைந்தது. நாற்று நட்டது, களை எடுத்தது, அறுத்தது, அடித்தது எல்லாம் எங்கள் ஆட்கள். வீட்டில் கொதித்தது என்னவோ கம்பும் கேப்பையும்தான். ஊர்க் கிணற்றில் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எங்கள் பிள்ளைகள் போகலாம், போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போனால் வெளியே வேப்பமரத்தடியில் உட்காரலாம். மழை வந்தால் வீட்டுக்குப் போகலாம். இதையெல்லாம் நான் அழுவதற்காகச் சொல்லவில்லை. அந்த வேப்பமரத்தை எங்கள் தெரு எப்படிப் பார்த்தது என்பது தெரிந்தால்தான், ஒரு ஓலைக் கொட்டகைக்காக அவர்கள் ஏன் அத்தனை பாடுபட்டார்கள் என்பது தெரியும்.

ஏலக்காய் பறிக்கிற காலம் வந்துவிட்டால் தெருவில் பாதி காலி. கம்பமெட்டு ஏறி மலைக்குப் போய்விடுவார்கள்; போனால் மாதக் கணக்கில் அங்கேதான். வேலைக்கு ஆகிற பிள்ளைகளைக் கூட்டிப் போவார்கள். என்னைப் போன்ற சின்னதுகளை விட்டுவிட்டுப் போவார்கள், மலைக்காய்ச்சலுக்குப் பயந்து. எனக்கு மேலே பிறந்த ஒரு அண்ணனை அந்தக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. அதனால் என்னை மலைப் பக்கமே காட்டுவதில்லை என்று அம்மா வைராக்கியமாக இருந்தாள்.

விட்டுவிட்டுப் போவது என்றால், யாரிடம் விடுவது? இங்கேதான் எங்கள் தெருவுக்கென்று ஒரு முறை உண்டு. ஒரே வீட்டில் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனால் அடுத்த வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். 'ஏன், எங்க வீட்டு அடுப்பு எரியாதா?' என்று கேட்பார்கள். கேட்காமல் விட்டால் அதைவிட மோசம், வருஷம் முழுக்கப் பேசமாட்டார்கள். அதனால் மலைக்குப் போகிற தாய், கிளம்புவதற்கு முன்னால் வேண்டப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போவாள். போய், அந்த ஒரு வீட்டை நம்பித்தான் போகிறமாதிரி, "ஒங்களத்தேன் நம்பிப் போறேன், பிள்ளை ஒங்க பிள்ளை" என்று சொல்லிவிட்டு வருவாள். எங்கம்மா சொன்னது மூன்று வீட்டில். மூன்று வீட்டுக்கும் தெரியும், மற்ற இரண்டு வீட்டிலும் இதே பேச்சு நடந்திருக்கும் என்று. இருந்தாலும் மூன்று வீடும் பிள்ளை தன் பிள்ளை என்றேதான் நடந்துகொள்ளும்.

முதல் வீடு மேட்டுவீட்டு அத்தை. தெருவின் கோடியில் மண் கொஞ்சம் உயர்ந்து கிடக்கும், அதன்மேல் அவள் வீடு. பெரிய உடம்பு, பெரிய குரல். வாய்க்காலில் நின்று கூப்பிட்டால் அறுப்புக் காட்டில் கேட்கும். அவளுக்கு என் தலை ஒரு தீராத கவலை. "ஏத்தா, இது என்ன தலையா, காக்கா கட்டுன வீடா? வா இங்கன" என்று இரண்டு முழங்காலுக்கும் நடுவில் என்னை இறுக்கி வைத்துப் பேன் பார்ப்பாள். தப்பிக்க முடியாது. நான் அழுதால், "அழு, நல்லா அழு, ஒங்காத்தாளுக்கு மலைக்குக் கேக்கட்டும். எம்பிள்ளைய மேட்டுவீட்டுக்காரி நல்லா வச்சிருக்கான்னு தெரியட்டும்" என்பாள்.

இரண்டாவது வீடு கங்காணி பெரியப்பா. மலையில் கூலிக்கு ஆள் கூட்டிப்போன காலத்தில் கால் முறிந்து இறங்கியவர். பிறகு மலை ஏறவில்லை. ஆனால் மலை அவர் வாயை விட்டு இறங்கவில்லை. நடுவில் நடுவில் ஒரு மலையாளச் சொல், தேவையோ இல்லையோ ஒரு 'எஸ் சார்'. "தொரை எங்கிட்டதேன் வழி கேப்பாக. கங்காணி, இந்தப் பாதை எங்கிட்டுப் போகுதும்பாக. நான் எங்கிட்டுப் போகச் சொல்றேனோ அங்கிட்டுத்தேன் குதிரை போகும்" என்று சொல்லுவார். பெரியம்மா அடுப்படியிலிருந்து, "ஆமா, அந்தக் குதிரை தள்ளித்தேன் ஒங்க காலு போச்சு" என்பாள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டித் தெருவைச் சுற்றுவது அவருடைய சாயங்கால வேலை. நொண்டுகிற தோளில் உட்கார்ந்து போகிற சுகம் நேராக நடக்கிறவர் தோளில் கிடையாது.

மூன்றாவது, எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய சின்னம்மா. பேச்சு மெதுவாக இருக்கும், பொறாமை ஜாஸ்தி. நான் அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தால் என் கையை மோந்து பார்ப்பாள். "கருவாடா? போட்டாளா? எத்தன துண்டு? உப்பு கூடியிருக்குமே." இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். ஆமாம் என்றால், "அதேன் பாரு, இங்கன வந்து ஒரு வாய் மோர்க்கஞ்சி குடி, வயிறு குளுந்து போகும்" என்று சட்டியை எடுத்துவிடுவாள். எங்கள் தெருவில் 'சாப்பிட்டாயா' என்று பிள்ளைகளை யாரும் கேட்டதில்லை. 'எந்த வீட்ல சாப்ட்ட' என்றுதான் கேட்பார்கள். எந்த வீட்டைச் சொன்னாலும் கேட்டவர் வீட்டில் இன்னொரு வாய் உண்டு. அதனால் மூன்று வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு மூன்று பேரையும் சமாதானமாக வைக்கிற வித்தை எனக்கு எழுத்துக்கு முன்னாலேயே தெரியும். பஞ்ச காலத்திலும் அந்தக் கேள்வி மாறவில்லை. வாய் மட்டும் சின்னதாகிவிடும்.

இனி பெயருக்கு வருகிறேன். அம்மாவும் அப்பாவும் எனக்கு வைத்த பெயர் குருவம்மா. கங்காணி பெரியப்பா வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மேட்டுவீட்டு அத்தையின் மாமியார் பெயரும் குருவம்மா. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? செத்து எத்தனை வருஷமானால் என்ன, சொல்லக் கூடாது. அத்தை அதில் கண்டிப்பு. குருவி என்றுகூடச் சொல்லமாட்டாள். சிட்டு என்பாள், பறக்கிறது என்பாள். அதனால் அவளுக்கு நான் பேச்சி. சின்னம்மாவுக்கோ புருஷனுடைய மூத்த அண்ணன் பெயர் குருவன். தம்பி பெண்டாட்டி அதைச் சொன்னால் அவ்வளவுதான். அதனால் அவளுக்கு நான் தங்கம். இப்படியாக ஒரே தெருவில் எனக்கு மூன்று பெயர். மூன்றுக்கும் நான் ஓடுவேன். 'குருவம்மா' என்றால் தோளில் ஏறலாம், 'பேச்சி' என்றால் பேன் பார்ப்பார்கள், 'தங்கம்' என்றால் கஞ்சி. எது என் நிஜப் பெயர் என்று நான் யோசித்ததே கிடையாது; எல்லாமே நிஜமாகத்தான் இருந்தது.

இந்தத் தெருவுக்குத்தான் அல்லிநகரத்திலிருந்து வாத்தியார் வந்தார். ஒல்லியான இளவட்டம். யாரோ பெரிய உடம்புக்காரர் போட்டுக் கழித்த கோட்டு ஒன்றைப் போட்டிருப்பார். கை உள்ளே எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அவரும் எங்களைப் போன்ற ஒரு தெருவில் பிறந்து, இதே மாதிரி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து படித்து மேலே வந்தவர். எங்கள் மாதிரித் தெருக்களுக்குத் தனியாகப் பள்ளிக்கூடம் வைக்க சர்க்கார் இசைந்திருக்கிறது, ஆனால் பிள்ளைகள் இத்தனை பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதற்கு ஒன்று குறைந்தாலும் வராது என்றார். பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்கள். மேட்டுவீட்டு அத்தை மட்டும், "கொட்டகை யாரு போடுறது?" என்று கேட்டாள். "இடம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்" என்றார். "எடம் இருக்கு. கையும் இருக்கு. நீ வாத்தியாரக் கொண்டா" என்றாள். "நான்தான் வாத்தியார்" என்றார் அவர். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்து, "கோட்டுக்குள்ள ஆளு இருக்கா?" என்றாள். தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கும் அத்தை வீட்டில் ஒரு வாய் உண்டு.

கொட்டகை எழும்பிய அழகை நான் பார்த்தேன். வயல் வேலை முடிந்து வந்த கையோடு ஆண்கள் மூங்கில் நட்டார்கள், ஓலை வேய்ந்தார்கள். பெண்கள் வாய்க்காலிலிருந்து மண் சுமந்து தரையை உயர்த்தி, தட்டி, சாணம் போட்டு மெழுகினார்கள். எழுதுகிற பலகைக்கு என்ன செய்வது என்று வந்தபோது கங்காணி பெரியப்பா போய்த் தன் வீட்டுக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தெருவில் இரண்டு மூன்று வீட்டுக்குத்தான் பலகைக் கதவு, மற்றதெல்லாம் தட்டி. கோவை இலையையும் கரியையும் அரைத்து அதன்மேல் பூசினார்கள். பெரியம்மா, "ராத்திரி திருடன் வந்தா?" என்று கேட்டாள். "வந்தா ஒக்காரச் சொல்லு, அவன்கிட்டயும் தொரை கதை சொல்றேன், தானா ஓடிருவான்" என்றார் பெரியப்பா. அந்தக் கதவு கடைசிவரை அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை.

கொட்டகை தயாராகிற சமயத்தில்தான் வாத்தியார் பிள்ளைகள் பெயரைச் சேகரிக்க வீடு வீடாக வந்தார். பகல் நேரம், நாங்கள் எல்லாரும் வாய்க்காலில் கிடந்தோம். கங்காணி பெரியப்பாவிடம் கேட்டார்: "உங்கள் வீட்டில் பிள்ளை உண்டா?" "உண்டு, குருவம்மா." மேட்டில் ஏறி அத்தையிடம் கேட்டார். "ஏன் இல்ல? பேச்சி." சின்னம்மாவிடம் கேட்டார். "தங்கம்" என்றாள், குரலே வெளியே வராமல். மூன்று பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டிலும் இதே பிள்ளையைச் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணவும் இல்லை. பிள்ளை இருக்கிறதா என்று ஒருவர் வாசலில் வந்து கேட்கும்போது, 'இல்லை, அது பக்கத்து வீட்டுப் பிள்ளை' என்று சொல்ல எங்கள் தெருவில் யாருக்கு நாக்கு வரும்? மலையில் இருக்கிற என் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? வாத்தியார் எழுதிக் கூட்டிப் பார்த்தார். சர்க்கார் கேட்ட கணக்குக்குச் சரியாக வந்தது, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் சந்தோஷத்தில் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டையோடு தெருவில் நடந்தார்.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கே இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பிள்ளைகளைப் பார்த்துத்தான் உத்தரவு தருவார் என்று தகவல் வந்தது. அந்தக் காலத்தில் சில இடங்களில் இல்லாத பிள்ளைகளை எழுதிப் பணம் வாங்கிய வாத்தியார்கள் உண்டாம். அதனால் சர்க்காருக்கு எங்கள் மாதிரிப் பள்ளிக்கூடங்களின்மேல் ஒரு சந்தேகக் கண். அன்று காலையில் தலையை எண்ணிப் பார்க்கக்கூட நேரமில்லாத பரபரப்பில் வாத்தியார் எங்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: "பேரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று 'ஆஜர்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பேர் சொல்லியும் நீங்கள் எழவில்லை என்றால், அந்தப் பிள்ளையே இல்லை என்று ஆகிவிடும். பள்ளிக்கூடம் போய்விடும்." நான் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

உத்தமபாளையத்திலிருந்து குதிரை வண்டியில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். தடித்த கண்ணாடி. கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். ஓலைக் கூரையை நிமிர்ந்து பார்த்தார், கதவுப் பலகையைத் தடவிப் பார்த்தார், "நன்றாக இருக்கிறது" என்றார். பெரியப்பா வாசலில் நின்று, "எஸ் சார்" என்றார். பெட்டியின்மேல் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்துப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். தலை நிமிராமல் கூப்பிடுவார். குரல் வந்ததும் ஒரு கோடு போடுவார். "குருவம்மா." எழுந்தேன், "ஆஜர்" என்றேன், உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பயல் எழுந்தான், உட்கார்ந்தான். இன்னும் சிலர். "தங்கம்." இதுவும் நான்தானே? எழுந்தேன், "ஆஜர்." பின்னால் ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. வாத்தியாரின் கண் என்மேல் விழுந்தது. அவர் வாய் பாதி திறந்து நின்றுவிட்டது. நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன். அதனால் கடைசியில் "பேச்சி" என்று கேட்டதும் முன்னைவிடச் சத்தமாக, தெருக்கோடி கேட்கும்படி, "ஆஜர்!" என்றேன்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "நீதானேம்மா முதலில் எழுந்தாய்?" என்றார். "ஆமா" என்றேன். "நடுவிலும் எழுந்தாய்?" "ஆமா." "உன் பெயர் என்ன?" நான் என்ன சொல்ல? ஒன்றைச் சொன்னால் இரண்டு வீட்டுக்குத் துரோகம். வாசலைப் பார்த்தேன். மூன்று பேரும் அங்கேதான் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் வாத்தியார் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "என்னப்பா, பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறாயா?" என்றார். அந்தக் குரல்தான் பயங்கரம். கத்தியிருந்தால்கூடத் தேவலை.  வாத்தியார் பிழைப்பு போகும், பேர் கெடும், எங்கள் கொட்டகை மாட்டுக் கொட்டகையாகும், நாங்கள் வேப்பமரத்தடிக்குப் போவோம். அங்கே நின்ற பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்துவிட்டது.

முதலில் வாயைத் திறந்தவர் கங்காணி பெரியப்பா. "சார், மூணும் கரெக்டுதேன் சார்!" என்றார். அது நெருப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆயிற்று. அதற்குப் பிறகுதான் மேட்டுவீட்டு அத்தை ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, நான் ஆரம்பத்தில் எழுதியதைச் சொன்னாள். வாத்தியார் வந்து கேட்டதையும் தாங்கள் சொன்னதையும் அப்படியே ஒப்பித்தாள். இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு, "சரி, இதில் எதுதான் இவள் பெயர்? அதைச் சொல்" என்றார். அத்தை வாயை மூடிக்கொண்டாள். அத்தனை பெரிய வாய் அப்படி மூடி நான் பார்த்ததில்லை. "சொல்லேன்." "அது எங்க மாமியா பேரு அய்யா. வாயில வராது." அவர் சின்னம்மாவைப் பார்த்தார். "நீயாவது சொல்." சின்னம்மா தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். "அவளுக்கு மச்சாண்டாரு பேரு" என்று அத்தையே அவளுக்கும் சேர்த்துச் சொன்னாள். "குருவம்மா சார்!" என்று பெரியப்பா பின்னாலிருந்து கூவ, அத்தை இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். இன்ஸ்பெக்டருடைய முகத்தில் அப்போதுதான் ஏதோ ஒன்று தளர்ந்தது. அவர் வீட்டிலும் மாமியார் பெயர் சொல்லாத ஒரு பெண் இருந்திருப்பாள்.

"இவளுடைய தாய் தகப்பன்?" என்றார். "மலையில" என்றாள் அத்தை. "அப்படியானால் இவள் யார் பிள்ளை?" என்று கேட்டார். இதைவிடச் சுலபமான கேள்வி எங்கள் தெருவில் கிடையாது. மூன்று பேரும் ஒரே சமயத்தில், "எங்க பிள்ளை" என்றார்கள். தூணுக்குப் பின்னாலிருந்தும் அந்தக் குரல் வந்தது.

அந்தச் சொல்லை நான் எத்தனையோ வருஷம் சுமந்து நடந்திருக்கிறேன். வாழ்க்கையில் எங்களைக் கேவலமாகப் பேசியவர்கள் உண்டு; எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு டம்ளரை மாற்றி வைத்தவர்கள் உண்டு. அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், ஆனால் கூச்சம் வந்ததே இல்லை. ஒரு சர்க்கார் அதிகாரி யார் பிள்ளை என்று கேட்டு, மூன்று வீட்டார் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்ன பிள்ளை நான். என்னைவிடப் பெரிய இடத்துப் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. பிற்காலத்தில் மலைத் தோட்டத்தில் கூலிப் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் வேலை செய்தேன். ஒவ்வொரு தாயும் பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது, "இது எம்பிள்ளை" என்று சொல்லி வாங்குவேன். சில பெண்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல்தான் சொல்லுவேன்.

இன்ஸ்பெக்டர் நியாயமானவர்தான். ஆனால் நியாயத்துக்கும் ஒரு எல்லை உண்டு. "வாத்தியார் பொய் எழுதவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அவர்மேல் நான் எதுவும் எழுதப் போவதில்லை" என்றார். வாத்தியார் அப்படியே கதவுப் பலகையில் சாய்ந்துவிட்டார். "ஆனால் மூன்று பேர் ஒருத்தி ஆகிவிட்டால், கணக்கில் இரண்டு இடம் குறைகிறது. குறைந்தால் பள்ளிக்கூடத்துக்கு உத்தரவு தர எனக்கு அதிகாரம் இல்லை. நான் என்ன செய்ய?" என்று பேனாவை மூடினார். நிஜமாகவே வருத்தத்தோடுதான் மூடினார்.  கூரை வேய்ந்த கைகள் எல்லாம் தொங்கிக்கொண்டு நின்றன.

பள்ளிக்கூடம் நிலைத்தது. அது நிலைக்காமல் போயிருந்தால் இதை எழுத எனக்கு எழுத்து ஏது? இன்ஸ்பெக்டர் அன்றைக்கு உத்தரவை மறுக்கவில்லை. மலையிலிருந்து குடும்பங்கள் இறங்குகிறவரை தவணை கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் இறங்கியதும் கொட்டகையில் உட்கார இடம் பத்தவில்லை. நான் அங்கே படித்தது கொஞ்ச வருஷம்தான். மீதியை மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்திலும், பஸ்ஸின் நெற்றியிலும், கிடைத்த இடத்திலெல்லாம் நானே படித்துக்கொண்டேன். இப்போது அங்கே மாடி வைத்த கட்டடம் இருக்கிறது. மலை வேலைக்குக் காலையில் ஜீப்பில் ஏறிப் போய்ச் சாயங்காலம் இறங்கிவிடுகிறார்கள். பிள்ளைக்கு அவரவர் வீட்டிலேயே சோறு. நல்லதுதான். பழையது எல்லாம் பொன் என்று சொல்ல நான் ஆள் இல்லை. பெற்றவளை மாதக் கணக்கில் காணாத பிள்ளையின் ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குறை தெரியாமல் வளர்த்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பள்ளிக்கூடத்தில் பேரன் பேத்திகளைச் சேர்க்கப் போகும்போது, இது யாரால் நிலைத்தது தெரியுமா என்று புது வாத்தியார்களிடம் கேட்பேன். தெரியாது என்பார்கள். சர்க்காரால் என்பார்கள். அந்த இன்ஸ்பெக்டரின் மூடிய பேனா மறுபடி திறந்தது சர்க்காரால் இல்லை.

அவர் பேனாவை மூடியதும் அத்தை வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு எடந்தான அய்யா காலி?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றார் அவர். "பிள்ளைகளுக்குத்தேன் எழுத்துன்னு சட்டத்துல இருக்கா?" அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த நாளில் அதிகாரி உட்கார்ந்திருக்கிற இடத்தில் எங்கள் தெரு ஆள் ஒருத்தர் உட்கார்ந்து யாரும் கண்டதில்லை. சாவடியிலும் களத்திலும் கைகட்டி நின்றுதான் பழக்கம். அத்தை வாசற்படி தாண்டி உள்ளே வந்தாள். வருகிற வழியில் தூணுக்குப் பின்னால் கையை விட்டுச் சின்னம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, "வாடி, ஒனக்கும் ஒரு எடம் இருக்கு" என்று இழுத்துக்கொண்டே வந்தாள். பிள்ளைகளை ஒதுங்கச் சொல்லி, என்னை ஒரு பக்கமும் சின்னம்மாவை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, சேலையைச் சுருட்டி, அத்தனை பெரிய உடம்போடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, அவரை நேராகப் பார்த்து, அதுவரை எங்கள் தெருவில் யாரும் கேட்டிராத தன் சொந்தப் பெயரை உரக்கச் சொன்னாள்.